கருப்புக்குப் பிராய்லர் அறுத்தவன்

கார்க் கதவுல இருக்கே அந்த டொக்கு, அது எதுலயும் இடிச்சு விழுந்தது இல்ல சார். அது என் மச்சினன் மண்டை.

நெசமாத்தான் சொல்றேன். தடவிப் பாருங்க, பெயிண்ட்டு உரிஞ்சிருக்கா? உரிஞ்சிருக்காது. கல்லுலயோ கம்பத்துலயோ இடிச்சிருந்தா கீறல் விழுந்துருக்கும். மண்டைங்கிறதால தகடு மட்டும் உள்வாங்கிருச்சு. டிங்கர்க்காரன்கிட்ட விட்டா உள்ளருந்து தட்டி எடுத்துருவான், தெரியவே தெரியாது. நான் ஏன் எடுக்கலைன்னா, விக்கிற பொருள்ல குறைய மறைக்கக் கூடாது. கோழிக்கடைல இத்தனை வருசமா செத்த கோழிய உசுருக் கோழியோட கலந்து வித்தவன் இல்ல இந்தச் செல்லப்பாண்டி. சின்னமனூர் மார்க்கெட்டுல யாரை வேணா கேளுங்க. நமக்கு ஒளிவு மறைவு கெடையாது.

ஏறுங்க சார், முன்னாடி உக்காருங்க. தங்கச்சி, நீங்க பின்னாடி. உத்தமபாளையம் ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு வருவோம். போகும்போது நான் ஓட்டுறேன், வரும்போது நீங்க ஓட்டிப் பாருங்க. கைய எடுத்ததும் ஸ்டியரிங் எந்தப் பக்கமாச்சும் இழுக்குதான்னு பாருங்க, கிளட்ச் பாருங்க, எல்லாம் பாருங்க. வண்டியப் பத்தி ஒரு கொறை சொல்ல முடியாது. எஞ்சின் மெழுகு மாதிரி ஓடும்.

போடியிலருந்து வர்றதா மொக்கராசு சொன்னான். புதுசா பழசான்னு வீட்ல ரெண்டு பேரும் மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கீங்களாம்ல? புரோக்கருக்கு வாய் நிக்காது சார், எல்லாத்தையும் சொல்லிட்டான். கையில இருக்கிறதுக்குப் பழசுன்னா பெரிய வண்டி, புதுசுன்னா சின்ன வண்டி, அதுக்கு மேல மாசா மாசம் டியூ. இதான கதை? இதே கதைதான் சார் எங்க வீட்லயும். போன ஆடியில. அச்சு அசலா இதே கதை.

என் வீட்டுக்காரி ஜெயக்கொடி, புதுசுதான் வேணும்னா. இருக்கிறதுலயே சின்னதா, குட்டியா ஒண்ணு, அது போதும்னா. தேனியில ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். சீட்டுல இன்னும் பிளாஸ்டிக் கவர் பிரிக்கல, அதுல உக்காந்துக்கிட்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மோந்து பாக்குறா. எங்க மக யாழினி ஹாரன அமுக்கி அமுக்கி விளையாடுது. ‘இதுல கோழி வாசமே இல்லப்பா’ன்னு சொல்லுச்சு. எங்க போனாலும் என் பைக்குல கோழிக்கூண்டுக்கு முன்னாடி உக்காந்து வந்த புள்ள சார். பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்கார மாட்டேங்கிறாய்ங்களாம். ‘சின்னதா இருந்தாலும் நம்ம மொதல்ல ஏறுனதா இருக்கட்டுங்க’ன்னா ஜெயக்கொடி.

கேக்க நல்லாத்தான் இருக்கு. டியூ யாரு கட்டுறது? கறி விலை இன்னைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். டியூ எறங்குமா? அதச் சொன்னேன். சாப்பிட உக்காந்த நேரம். ‘காதுல கழுத்துல கெடக்கிறத அடகு வச்சுக்கங்க’ங்கிறா. பொண்டாட்டி நகைய வச்சு வண்டி வாங்குறவனா நானு? தட்டத் தூக்கிப் போட்டேன். போட்டேன்தான் சார், அவ மேல எறியல. அது போயி அவ நெத்தியில பட்டுருச்சு. எவர்சில்வர் தட்டு, குழம்புக் கை, வழுக்கும்ல.

அதுக்கு முன்னாடி எங்களுக்குள்ள ஒரு சத்தம் கெடையாது. கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒருக்காக்கூட சண்டைன்னு வந்ததில்ல. ஒருக்கா ஹெல்மெட்டால நெலைக்கதவுல அடிச்சேன், அவ விரல் அங்க இருந்துச்சு. அது சண்டையில சேராது.

தங்கச்சி, ஏசி போடவா? போட்டுறேன். பாருங்க, எப்படி சில்லுன்னு வருது!

மறுநாளே மொக்கராசு இந்த வண்டியக் கொண்டாந்து கடை வாசல்ல நிறுத்துறான். பெரிய வண்டி, ஒத்தை ஓனர். புதுசுக்கு நான் கட்ட இருந்த முன்பணத்தோட கொஞ்சம் போட்டா வண்டியே கைக்கு வந்துரும். டியூ கெடையாது, ஒரு மயிரும் கெடையாது. மன்னிச்சுக்கங்க தங்கச்சி, வாயில வந்துருச்சு. ‘ஏன்டா இம்புட்டு மலிவு’ன்னு கேட்டேன். அவனும் மறைக்கல. ‘அண்ணே, ஆண்டிபட்டி கணவாய்ல ஒருத்தன் குறுக்க வந்து விழுந்துட்டான். உசுரு போயிருச்சு. அதுலருந்து ஓனர் இதத் தொட மாட்டேங்கிறாரு. கருப்புக்கு ஒரு சேவல அறுத்து விட்டா முடிஞ்சது’ன்னான்.

எனக்கு அது ஒரு பெருசாவே தெரியல சார். காலைலருந்து ராத்திரி வரைக்கும் கழுத்தறுக்கிற தொழிலு. ரத்தத்தப் பாத்து நான் பயப்படவா? ஜெயக்கொடி கையெடுத்துக் கும்பிட்டா. ‘வேணாங்க, உசுரு குடிச்ச வண்டி, அதுவும் ஆடி மாசத்துல’ன்னா. ‘பழசுக்கு ஏதுடி ஆடி, ஆவணி’ன்னு கேட்டேன். நெத்தியில கட்டு வேற. உள்ள போயிட்டா. சரின்னு அர்த்தம்.

இங்கதான் சார் நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். எல்லாத்துக்கும் காரணம் அதுதான். கேளுங்க.

எங்க ஊருல எந்த வண்டி வாங்குனாலும் வாய்க்காமேட்டுக் கருப்பு கோயிலுக்குக் கொண்டு போயி காவு குடுத்துருவாங்க. நாட்டுச்சேவல். கூவுற சேவலா இருக்கணும். மேல தண்ணி தெளிச்சா ஒடம்பச் சிலுப்பணும். சிலுப்புனாத்தான் சாமி ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம், அப்புறந்தான் அறுப்பாங்க. ரத்தத்த டயருல தடவி, எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு வண்டிய எடுக்கணும். இதான் முறை. ஆடி மாசம் நாட்டுச்சேவல் விலை என்னன்னு தெரியுமா? ஊருல இருக்கிற அம்புட்டு சாமிக்கும் அப்பத்தான் பசிக்கும். கடையில கூண்டு நெறையக் கோழிய வச்சுக்கிட்டு, வெளிய போயி ஒரு சேவலுக்குக் காசக் கொட்டவா? நல்லா கொழுகொழுன்னு வெள்ளை வெளேர்னு ஒரு பிராய்லர எடுத்து சாக்குல போட்டுட்டேன்.

ஜெயக்கொடி சாக்கப் பிரிச்சுப் பாத்தா. ‘யானை வாங்குறவன் அங்குசத்துக்கு அழுத கதையால்ல இருக்கு’ன்னா. நான் மொறைச்சேன், சாக்க மூடிக் கட்டிட்டா.

பூசாரி தண்ணி தெளிக்கிறாரு. அது சிலுப்பல சார். அப்படியே கப்புன்னு உக்காந்துருச்சு. பிராய்லருக்கு நிக்கவே தெம்பு இருக்காதே, அது எங்க சிலுப்ப? மறுபடி தெளிக்கிறாரு. அப்பவும் உக்காந்தே இருக்கு. ஒரு குடம் தண்ணியும் காலி. ‘இது கூவுமாப்பா’ன்னு கேக்குறாரு பூசாரி. அந்நேரம் பாத்து என் மச்சினன், சன்னாசி, ஜெயக்கொடி கூடப்பொறந்த தம்பி, அவன் கூட்டத்துல இருந்து கத்துறான்: ‘மாமா, கருப்புக்கு உரிச்சா, தோலோடயா?’ கோயிலே கொல்லுன்னு சிரிக்குது. பூசாரி சிரிக்கிறாரு. ஜெயக்கொடி முந்தானைய வாயில வச்சு அமுக்குறா. அவ சிரிச்சதப் பாத்து ரொம்ப நாளாச்சு, அது வேற விசயம். ஆனா என்னப் பாத்துல்ல சிரிச்சா!

விறுவிறுன்னு போயி பூசாரி கையிலருந்து அருவாளப் புடுங்கி நானே ஒரே போடு. சிலுப்புனா என்ன, சிலுப்பாட்டி என்ன? அறுத்தா ரத்தம் வரப்போகுது. டயருல தேச்சேன், வண்டிய எடுத்தேன். அன்னைலருந்து மார்க்கெட்டுல எனக்கு அதான் பேரு. கருப்புக்குப் பிராய்லர் அறுத்தவன். கறி வாங்க வர்ற பொடிப்பய கூட கேக்குறான், ‘அண்ணே சாமிக்குக் குடுத்ததுல மிச்சம் இருக்கா’ன்னு.

சாமி ஏமாறுமா சார்? அது நாட்டுச்சேவல் கேட்டுச்சு, நான் பண்ணைக் கோழியக் குடுத்தேன். கணக்கு நேராகல. அதுலருந்து இந்த வண்டி தன் கணக்கத் தானே தீத்துக்க ஆரம்பிச்சிருச்சு.

மொதல்ல ஒரு ஆட்டோக்காரன். பஸ் ஸ்டாண்டு முக்குல லேசாத் தேச்சுட்டான். பெயிண்ட்டு கூடப் போகல. இதுல உக்காந்து ஸ்டியரிங்கப் புடிச்சதும் எனக்குப் பிடரியில சூடு ஏறும் சார், இந்தா இந்த எடத்துல. நான் எறங்குனது தெரியும், அப்புறம் அவன் மூக்கு ஒரு பக்கமாத் திரும்பி இருந்தது தெரியும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு சாமி சத்தியமாத் தெரியாது. நான் அப்படிப்பட்ட ஆளே கெடையாது. எறும்ப மிதிக்க மாட்டேன்.

அடுத்தது ஜெயக்கொடி. வீரபாண்டி கோயிலுக்குப் போயிட்டு வர்றோம், சார் உக்காந்திருக்கிற அதே சீட்டு. மக பின்னாடி, தங்கச்சி இருக்கிற எடத்துல. முன்னாடி ஒரு லாரி. நான் எட்டிப் புடிச்சு முந்தப் போறேன். ‘மெதுவாப் போங்க’ங்கிறா. ஒருக்கா சொன்னாப் பரவாயில்ல. ‘மெதுவாப் போங்க, புள்ள இருக்கா, மெதுவாப் போங்க.’ எத்தனை தடவை! எடது கையால ஒண்ணு விட்டேன், வலது கை ஸ்டியரிங்குலதான இருக்கு. தோடு மாட்டிக் காது கிழிஞ்சிருச்சு. சார், உங்க சீட்டு கவரு மட்டும் புதுசா இருக்கா? அதான் காரணம். மறைக்க மாட்டேன்னு சொன்னேன்ல.

அன்னைக்கி யாழினி வீடு வர்ற வரைக்கும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டே வந்துச்சு. தூக்கம் போல.

கிழிஞ்ச காத எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? சன்னாசிக்குத் தெரிஞ்சிருச்சு. வந்தான். நான் வண்டியக் கழுவிக்கிட்டு இருக்கேன். ‘மாமா, எங்கக்கா காதுல ஏன் தையலு’ன்னு கேட்டான். குடும்ப விசயம், நீ போடான்னேன். போயிருக்கணும்ல? ‘கோழிக்குத்தான் சிலுப்பத் தெரியல, எங்கக்காவுக்குமா தெரியாதுன்னு நெனச்ச’ன்னான் சார். அந்த வார்த்தை. அவன் முடியப் புடிச்சு அந்தக் கதவுல வச்சேன். ஒருக்கா வச்சேன், ரெண்டு தடவை வச்சேன், அப்புறம் கணக்கு இல்ல. தெருவே வந்து இழுக்குது. அவன் முழுசாச் சரிஞ்ச பெறகும் என் கை விடல. கை என்னுது, ஆனா அத ஆட்டுறது வேற. பெரியாஸ்பத்திரியில கெடந்தான். இப்பவும் எடது காது கேக்காதாம். ஸ்டேசன்ல பேசி முடிச்சோம், சொந்தக்காரங்கதான. குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுச்சாங்கிற மாதிரி, அன்னைக்கே ஜெயக்கொடி மகளக் கூட்டிக்கிட்டு சீலையம்பட்டிக்கு, அவன் வீட்டுக்கே போயிட்டா.

இப்ப நான் மட்டுந்தான் சார் வீட்ல. சோறு நானே பொங்குறேன். தட்டுல போட்டா தட்டுலயே இருக்கு, யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்கிறாங்க. யாழினியோட சாக்ஸ் ஒத்தையா கட்டில் கால்ல மாட்டிக் கெடக்கு, அத எடுக்க மனசு வரல. அழுகை வருது சார். எம் பொண்டாட்டி புள்ள எனக்கு வேணும். இந்த வண்டி வீட்டு வாசல்ல நிக்கிற வரைக்கும் அவங்க திரும்ப மாட்டாங்க. அவ வாயால அப்படிச் சொல்லல. எனக்குத் தெரியாதா? அதான் இன்னைக்கே இது கைமாறணும்.

பயப்படாதீங்க, உங்க தலையில கட்டிட்டு ஓடுறவன் இல்ல நானு. கருப்புகிட்ட போயி விழுந்தேன். நாட்டுச்சேவல், ஜாதிச் சேவல், ஒண்ணுக்கு ரெண்டா. தண்ணி தெளிச்சதும் ஒரு சிலுப்பு சிலுப்புச்சு பாருங்க, பூசாரி மூஞ்சியெல்லாம் தண்ணி! கணக்கு தீந்துச்சு. அதுலருந்து வண்டி பசு மாதிரி. தெனமும் எடுக்குறேன், நான் ஒத்தையிலதான் போறேன் வர்றேன். ஒரு சண்டை உண்டா, ஒரு சத்தம் உண்டா? அடங்கிருச்சு சார். தைரியமா வாங்கலாம்.

நான் புதுசு புக் பண்ணிட்டேன். ஆமா, அவ மோந்து பாத்தாளே, அதே சின்ன வண்டி. இத வித்து வர்றது அதுக்குத்தான் முன்பணம். யாரு கையும் படாதது, யாரு ரத்தமும் பாக்காதது. காவே தேவையில்ல. சந்தோசமாச் சொல்லுவோம்னு அல்வாவும் பூவும் வாங்கிக்கிட்டு சீலையம்பட்டிக்குப் போனேன். என்னப் பாத்ததும் யாழினி ஓடிப்போயி கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சு. கண்ணாமூச்சி விளையாட்டு அதுக்கு. ‘அப்பா கண்டுபிடிச்சிட்டேன்’னு குனிஞ்சு கையப் புடிச்சேன், இன்னும் உள்ள உள்ள போகுது. ஜெயக்கொடி வாசப்படியில நின்னா. எல்லாத்தையும் கேட்டா. கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா சார். அது என்னான்னு எனக்கு இன்னும் வெளங்கல. நீங்க வாத்தியாரு, நாலெழுத்துப் படிச்சவரு, உங்ககிட்ட கேக்கணும்னுதான் இருக்கேன். என்ன கேட்டான்னா...

இருங்க. இந்தக் குட்டியானை வேன்காரனப் பாருங்க. வாழத்தார ஏத்திக்கிட்டு நட்டநடு ரோட்டுல போறான். ஹாரன் அடிக்கிறேன், கேக்குதான்னு பாருங்க. செவிட்டுப்... டேய்! ஒதுங்குடா!

வேணும்னே பண்றான் சார். கண்ணாடியில நம்மளப் பாக்குறான். சிரிக்கிறான் பாருங்க. சிரிக்கலையா? நீங்க பாக்கல, நான் பாத்தேன்.

தங்கச்சி, என்ன சொன்னீங்க? மெதுவாவா? அந்த வார்த்தைய மட்டும் இந்த வண்டியில சொல்லாதீங்கம்மா. சொல்லாதீங்கன்னு சொல்றேன்ல! சார், அவுங்கள வாய மூடச் சொல்லுங்க.

முந்திட்டோம்ல! எங்க போவான்? குறுக்க போட்டாச்சு. சார், உங்க காலுக்குக் கீழ வீல் ஸ்பேனர் கெடக்கும், எடுங்க. அட எடுங்க சார். சரி, காலத் தூக்குங்க, நானே எடுத்துக்கிறேன். ஒரு நிமிசம். ஏசிய அமத்தாதீங்க.

ஏன் சார் ரெண்டு பேரும் எறங்கி நிக்கிறீங்க? வெயில்ல ஏன் நிக்கிறீங்க? முடிஞ்சிருச்சு, வாங்க, ஏறுங்க. தங்கச்சி ஏன் அழுகுறாங்க? ஒண்ணும் ஆகல அவனுக்கு, சாக மாட்டான். கைதான். தலையத்தான் பாத்தேன், அவன்தான் கையக் குறுக்க வச்சான். நான் என்ன பண்ணுவேன்? இந்தா பாருங்க, எந்திரிச்சு உக்காந்துட்டான். கை ஒரு மாதிரி தொங்குது, கட்டுப் போட்டாச் சேந்துரும். சட்டையில இருக்கிற ரத்தமா? தொழில்ல இது சகசம், சோப்புப் போட்டாப் போயிரும்.

பாத்தீங்கள்ல சார், இப்ப உங்க கண்ணாலயே பாத்தீங்கள்ல? நான் சொன்னப்ப நம்பலையே? நாட்டுச்சேவல் ரெண்டும் பத்தல இதுக்கு. நான் எப்படிப் பேசிக்கிட்டு வந்தேன், எம்புட்டு மரியாதையா பேசிக்கிட்டு வந்தேன்! வண்டி சார். எல்லாம் இந்த வண்டி. விலையில வேணா இன்னும் கொறைச்சுக்கிறேன். நீங்க ஒரு கெடா வெட்டிருங்க, அடங்கிரும்.

போனை எடுக்காதீங்க சார். யாருக்குப் போடுறீங்க? ஆம்புலன்ஸா? போடுங்க, போடுங்க, அது தப்பில்ல. பாவம், அவனும் புள்ளகுட்டிக்காரனாத்தான் இருப்பான்.

சார், பஸ்ஸுக்கு ஏன் கையக் காட்டுறீங்க? சரி, பிடிக்கலைன்னா வேணாம், நான் கட்டாயப்படுத்தல. நான் கட்டாயப்படுத்துற ஆளே கெடையாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. ஜெயக்கொடி கேட்டா சார். ‘பழச வித்துருவீங்க, சரி. புது வண்டிய யாரு ஓட்டுவா?’ன்னு கேட்டா. நாந்தான்னேன். உடனே கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டா. தட்டுனேன், தட்டுனேன், கதவு உடையுற அளவுக்குத் தட்டுனேன், தொறக்கவே இல்ல.

வேற யாரு சார் ஓட்டுவா? டிரைவர் வச்சுக்கிற வசதியா நமக்கு இருக்கு? சொல்லுங்க சார். பஸ்ஸு நிக்கிறதுக்குள்ள சொல்லுங்க. நான் ஓட்டாம வேற யாரு ஓட்டுவா?